மடைக்காவலும் மாத்திரையும்

என் அடிவயிற்றுக்குள் ஒருவன் குடியிருக்கிறான். சொல்லாமல் கொள்ளாமல் எட்டி உதைப்பான். பாதி இட்லி வாயில் இருக்கும், உதைப்பான். குடவாசல் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்திருக்கும், உதைப்பான். சாவு வீட்டில் மாலையை ஏந்தி வரிசையில் நிற்பேன், எனக்கு முன்னால் இரண்டே பேர், அப்போது பார்த்து உதைப்பான். உதைத்த நொடியிலிருந்து எண்ணி இருபது மூச்சுதான் எனக்குத் தவணை. அதற்குள் ஒரு மறைவு வேண்டும். ஒரு சுவர், ஒரு புதர், நின்றிருக்கும் லாரியின் பின்சக்கரம், எதுவானாலும் சரி. கிடைக்காவிட்டால் வேட்டி நனையும். பல்லைக் கடித்துக்கொண்டு ஓடிப்போய் நின்றால் வருவது அரை டம்ளர். அந்த அரை டம்ளருக்குத்தான் அத்தனை அடியும்.

ஐம்பதைத் தொட்ட வருடம் இது ஆரம்பித்தது. வெயில் என்று நினைத்தேன். பிறகு சர்க்கரை என்று நினைத்துப் பரிசோதித்தேன், இல்லை என்றார்கள். அத்தோடு யாரிடமும் பேசாமல் விட்டேன். எங்கள் பக்கம் ஆண்பிள்ளைகள் வெளியில் சொல்லிக்கொள்ளும் வியாதிகள் உண்டு. நெஞ்சுவலியைச் சொல்லலாம். பிரஷரைச் சொல்லலாம். சர்க்கரையைப் பெருமையாகவே சொல்லலாம். ஒண்ணுக்கை அடக்க முடியவில்லை என்று எவனும் டீக்கடையில் சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை. கறுப்புக் கைலியாக வாங்கிக் கட்டினேன். தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். குறைத்தால் உள்ளே இருப்பவன் இன்னும் வெறிகொண்டு உதைத்தான்.

வீட்டில் தெரிந்தவள் மனைவி ஒருத்திதான். மகன் துபாயில் இருக்கிறான். வயலைப் பார்க்க என்னை விட்டால் வேறு ஆள் கிடையாது.

வயல் வாய்க்காலின் வாலில் இருக்கிறது. ஆற்றில் கரை தளும்பப் போகும் தண்ணீர், கிளை பிரிந்து கிளை பிரிந்து எங்களிடம் வரும்போது கணுக்காலை நனைத்தால் உண்டு. குறுவைக்குத் தண்ணீர் தட்டுப்பாடான வருடங்களில் முறை வைத்துக்கொள்வோம். ஆறு நாளைக்கு ஒரு தடவை, காலை ஆறிலிருந்து பன்னிரண்டு வரை என் முறை. வாய்க்காலின் குறுக்கே சேற்றையும் வைக்கோலையும் அடைத்து ஓர் அணை போட்டு, வருகிற மொத்தத்தையும் என் மடைக்குள் திருப்பிக்கொள்வேன். பன்னிரண்டு அடித்ததும் அணையை உடைத்துவிட வேண்டும். அதற்கு மேல் அடுத்த மடைக்காரனுக்கு. அந்த அடுத்த மடைக்காரன் என் சித்தப்பா மகன். என்னைவிடப் பத்து வயது இளையவன். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் உழைத்துவிட்டு வந்து, தன் பங்கு நிலத்தில் இறங்கியவன். நல்ல உழைப்பாளி. வாய்தான் அரிவாள்.

முறைக்காரன் மடையை விட்டு நகரக் கூடாது. அதுதான் எங்கள் வாய்க்கால் வழக்கம். கரையில் கோரையும் நாணலும் ஆள் உயரத்துக்கு நிற்கும், யார் இருக்கிறார், யார் இல்லை என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் வருகிறவன் மதகுப் பாலத்திலேயே நின்று, "மடையில யாரு?" என்று குரல் கொடுப்பான். நிற்பவன், "இருக்கேன்" என்று திருப்பிக் குரல் கொடுக்க வேண்டும். மூன்று தரம் கூப்பிட்டும் பதில் இல்லை என்றால் அது ஆளில்லா மடை. ஆளில்லா மடையின் தண்ணீரை அடுத்தவன் எடுத்துக்கொள்ளலாம், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். திறந்துவிட்டு டீக்கடையில் போய்ச் சாய்ந்துகொள்பவன் இருந்தால் வரப்பு உடைந்து தண்ணீர் வீணாகும். வீணாக்குகிற அளவுக்கு எங்களுக்குத் தண்ணீர் எந்தக் காலத்திலும் வந்ததில்லை.

வாய்க்காலில் யாரும் ஒண்ணுக்கு இருக்க மாட்டோம். அதில்தான் குளிக்கிறோம், அம்மன் கரகமும் அதில்தான் எடுக்கிறோம். எதிர் வயலில் பெண்கள் களை பறித்துக்கொண்டிருப்பார்கள். ஆக எனக்கு இருந்த ஒரே மறைவு, மடையிலிருந்து அறுபது தப்படி தள்ளி நிற்கும் பூவரசு. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஓடினேன்.

அந்த ஆவணியில் பயிர் தொண்டைக்கதிரில் நின்றது. கதிர் இன்னும் வெளியே தலைகாட்டாமல் தண்டுக்குள் உருண்டு திரண்டிருக்கும் பருவம் அது. அப்போது தண்ணீர் காட்டாவிட்டால் கதிர் வரும், மணி இருக்காது. நின்று பார்த்தால் பச்சை, அறுத்தால் பதர். ஒரு முறை தவறினால் தாங்கும். இரண்டு தவறினால் பாதி போகும். மூன்று தவறினால் மாட்டைப் பிடித்து வயலில் மேயக் கட்ட வேண்டியதுதான்.

முதல் முறையைப் பூவரசுக்குப் பின்னால் தொலைத்தேன்.

மணி ஒன்பது இருக்கும். கைலியைத் தூக்கிப் பிடித்து நின்றுகொண்டிருந்தேன். சித்தப்பா மகன் குரல் கேட்டது. "மடையில யாரு?" இந்த நிலையில் அங்கிருந்து கத்தினால் களை பறிக்கிற அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். முடித்துவிட்டு ஓடலாம் என்று நினைத்தேன். அது முடியவில்லை, சொட்டுச் சொட்டாக என்னைக் கட்டிவைத்து அடித்தது. மூன்றாம் குரலும் வந்து போயிற்று. நான் ஓடிவந்து சேர்ந்தபோது அணை உடைந்திருந்தது, தண்ணீர் அவன் பக்கம் இரைந்துகொண்டு போனது.

"அண்ணே, எங்க போயிட்டீங்க?" என்றான், மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே.

"இங்கதான்டா இருந்தேன்."

"இங்கன்னா? பூவரசங்கன்னுக்குத் தண்ணி ஊத்தப் போயிருந்தீங்களோ? தெனம் ஊத்துறீங்கன்னு சொன்னாங்க. நல்லா செழிப்பாத்தான் இருக்கு மரம்."

களை பறிக்கிற பெண்கள் குனிந்த நிலையிலேயே குலுங்கிக்கொண்டிருந்தார்கள். என் கையில் இருந்த மண்வெட்டிக் காம்பை நான் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன் என்பது, வீட்டுக்கு வந்து விரல்களைப் பிரிக்கும்போதுதான் தெரிந்தது.

"அடுத்த முறைக்கு நான் போயி நிக்கிறேங்க," என்றாள் மனைவி.

"பொம்பளைய மடையில நிக்கவச்சுட்டு நான் என்ன பண்ண? வீட்டுல உக்காந்து வெத்தலை போடவா?"

"அப்ப தஞ்சாவூர் வாங்க. டாக்டரைப் பாருங்க. ரெண்டுல ஒண்ணு."

மறுநாளே கிளம்பினோம். பேருந்து வலங்கைமானைத் தாண்டுவதற்குள் மூன்று தடவை உதைத்தான். மூன்றாவது தடவை எழுந்து நின்று நடத்துநரிடம், நிறுத்து என்றேன். ஸ்டாப்பிங் இல்லை என்றார். அவர் தோள்பையின் வாரைப் பிடித்து முறுக்கினேன். என்ன செய்கிறேன் என்று தெரிந்துதான் செய்தேன். மனைவி என் மணிக்கட்டைக் கடித்தாற்போலப் பற்றி இழுத்து, "வாந்தி எடுப்பாருங்க, நிறுத்துங்க" என்று பொய் சொன்னாள். வண்டி நின்றது. வாந்திக்கு மரியாதை உண்டு.

டாக்டர் என் வயதுக்காரர். முகத்தில் எந்த இரக்கமும் காட்டாத மனிதர், அது எனக்குப் பிடித்திருந்தது. ஸ்கேன் எடுத்தார். புராஸ்டேட் சுரப்பி வீங்கவில்லை, கல் இல்லை, கிருமி இல்லை என்றார்.

"பை நிறையறதுக்கு முன்னாடியே அது சுருங்குது. அவ்வளவுதான். நிறைஞ்சிடுச்சுன்னு பொய்த் தகவல் போகுது மூளைக்கு."

"பொய்த் தகவலுக்கா சார் இந்த ஓட்டம் ஓடுறேன்?"

"ஆமா. மாத்திரை தர்றேன். காலைல ஒண்ணு. அந்தத் தசையை இறுக விடாமப் புடிச்சு வைக்கும். ரெண்டு மூணு வாரம் ஆகும் முழுசாக் கேக்க. வாய் வறளும், மலம் இறுகும், சிலருக்குக் கண்ணு மங்கும். வெயில்ல வேலை பாக்குறவரு நீங்க, வேர்வை குறையும், ஒடம்பு சூடாகும். பாத்துக்கங்க. நேரம் பாத்துப் பாத்து ஒண்ணுக்குப் போகணும், உதைக்குதேன்னு ஓடக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாத் தள்ளிப்போடப் பழகணும்."

"மூணு வாரம்லாம் முடியாது சார். அஞ்சு நாள்ல எனக்கு முறை வருது."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "உங்க வாய்க்கா முறை உங்க மூத்திரப்பைக்குத் தெரியுமா?"

மனைவி சிரித்துவிட்டாள். எனக்கு அந்த மேஜையைப் புரட்டிப் போட வேண்டும் போல இருந்தது.

மூன்றாம் நாள் கொஞ்சம் தெரிந்தது. உதைப்பவன் இருந்தான், ஆனால் காலைக் கட்டிப்போட்ட மாதிரி. இருபது நிமிடம் நாற்பது ஆனது. அதற்கு விலையும் உடனே கேட்டான். நாக்கு தேங்காய் மட்டை ஆனது. சோற்றை மென்றால் மணலை மெல்கிற சத்தம் எனக்கே கேட்டது. காலையில் வாயைத் திறக்க உதட்டை விரலால் பிரிக்க வேண்டியிருந்தது. ஆனால் நாற்பது நிமிடம்! இத்தனை நாள் அடிபட்டவனுக்கு அது ராஜபோகம்.

நாற்பது போதாது. ஆறு மணி நேரம் நிற்க வேண்டும்.

அப்போது நான் செய்த தவறு படிக்காதவன் செய்யும் தவறு அல்ல. முப்பது வருடமாக நெல் போடுகிறவன் செய்யும் தவறு. பயிர் பச்சை பிடிக்கவில்லை என்றால் எவனும் மூன்று வாரம் காத்திருக்க மாட்டான். மேலுரம் இன்னொரு கை வீசுவான். உரக்கடைக்காரர் ஒரு மா நிலத்துக்கு இவ்வளவு என்பார், நாம் பயிரின் முகத்தைப் பார்த்துக் கூட்டுவோம். அந்தக் கணக்கைத்தான் என் உடம்புக்கும் போட்டேன். முறைக்கு முந்தின நாள் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. முறையன்று விடிந்ததும் இரண்டு. மனைவி பார்க்காத நேரம் பார்த்து விழுங்கினேன். தண்ணீர்கூட அரை மடக்குத்தான். அதிகம் குடித்தால் உதைப்பானே.

ஆறு மணிக்கு மடையில் இருந்தேன். அணை போட்டு, மடையைத் திறந்துவிட்டேன். தண்ணீர் உள்ளே போன சத்தத்தில் வயலே மூச்சு விட்ட மாதிரி இருந்தது. பன்னிரண்டு நாள் வெடிப்பு. ஒவ்வொரு வெடிப்பும் ஒரு வாய். ஏழு மணி. எட்டு மணி. உதையே இல்லை! ஒரு தடவைகூட இல்லை. மண்வெட்டியை மடியில் வைத்து நாணலுக்குள் உட்கார்ந்து, எதிரியின் தலையில் கால் வைத்தவன் போல இருந்தேன்.

வெயில் ஏறியது. என் உடம்பில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. தோல் சுட்டது, நெற்றியில் யாரோ சூட்டுக்கோல் வைத்த மாதிரி. எதிரே நின்ற பயிர் ஒரே பச்சைப் புகையாகக் கலங்கியது, கையில் இருந்த கடிகாரத்தின் முள் தெரியவில்லை. காதுக்குள் ஒரு வண்டு. காரணமே இல்லாமல் கோபம் பொங்கியது. நாணலின் மேல், ஒரு தவளையின் மேல், மகனின் மேல், பிறந்ததிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்த எல்லோர் மேலும்.

"மடையில யாரு?"

பாலத்திலிருந்து அவன் குரல். இந்தத் தடவை நான் இங்கேயே இருக்கிறேன். மடையில், என் இடத்தில், குண்டி நகராமல். வாயைத் திறந்தேன். இருக்கேன் என்றுதான் சொன்னேன். வெளியே வந்தது காற்று. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கிடந்தது. உரித்து எடுக்கப் பார்த்தேன். எச்சில் தேடினேன். கன்னத்தின் உட்புறத்தைக் கடித்தேன், எச்சில் வரவில்லை, ரத்தம் வந்தது, அதுவும் பிசினாக ஒட்டியது.

"மடையில யாருங்கிறேன்?"

எழுந்தேன். தலை சுற்றி முழங்காலில் விழுந்தேன். நாணல் என்னை மூடிக்கொண்டது. கையை உயர்த்தி ஆட்டினேன். ஆட்டிய கையை நாணலின் ஆட்டம் என்றுதான் எவனும் நினைப்பான். தொண்டையிலிருந்து ஒரு சீறல் வந்தது, பஞ்சரான டயர் மாதிரி. என் கால்மாட்டிலேயே தண்ணீர் ஓடியது. ஒரு கை அள்ளிக் குடித்திருந்தால் முடிந்தது. குடிக்காதே குடிக்காதே என்று ஒரு வருடமாக எனக்கு நானே சொல்லிச் சொல்லி, அந்தத் தண்ணீர் என் கண்ணுக்கே படவில்லை.

மூன்றாம் குரல். பிறகு அவன் கால்கள் கரையில் வரும் சத்தம். பிறகு மண்வெட்டி அணையில் இறங்கும் சத்தம், சதக் என்று.

வாய்க்கு வராதது கைக்கு வந்தது.

நாணலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தேன். அவன் முதுகு ஒரு மங்கலான கறுப்பாகத் தெரிந்தது. மண்வெட்டியின் பின்புறத்தால் ஓங்கி அடித்தேன். பின்புறம் என்று நான் தேர்ந்தெடுக்கவில்லை, கையில் அப்படி அமைந்தது. முன்புறம் அமைந்திருந்தால் இதை எழுத வெளியில் இருந்திருக்க மாட்டேன். இடது தோள் எலும்பு முறிந்த சத்தம் காய்ந்த மட்டையை மிதித்த மாதிரி கேட்டது. அவன் வாய்க்காலில் குப்புற விழுந்தான். விழுந்த வேகத்தில் என் காலை வாரினான். நானும் விழுந்தேன். ஒற்றைக் கையால் சேற்றை அள்ளி என் மூஞ்சியில் அறைந்தான், முழங்காலால் என் விலாவில் குத்தினான். என் பல் ஒன்று உடைந்து தொண்டைக்குள் போனது. அதோடு சேர்ந்து ஒரு மிடறு வாய்க்கால் தண்ணீரும் போனது.

நாக்கு பிரிந்தது.

"இருக்கேன்!" என்று கத்தினேன். "இருக்கேன்டா! இருக்கேன்!" கத்திக்கொண்டே அவன் பிடரியைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கினேன். குமிழிகள் வந்தன. அவன் கால்கள் அடித்துக்கொண்டன. நான் இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். களை பறிக்கிற பெண்கள் நான்கு பேர் வந்து என் முடியைப் பிடித்து இழுத்த பிறகுதான் கை விட்டது. அவர்களில் ஒருத்தி என் கன்னத்தில் அறைந்தாள். அவள் செய்தது சரி.

ஆஸ்பத்திரியில், எப்படி அடிபட்டது என்று கேட்டபோது, "வரப்புல வழுக்கிட்டேங்க," என்றான் அவன். கட்டுப் போட்டவர் அவன் தோளில் தோல் கிழிந்திருந்த நீளத் தடிப்பைப் பார்த்தார், சேறு அப்பிய என்னைப் பார்த்தார், எழுதிக்கொண்டார். எனக்கும் ஒரு பாட்டில் ஏற்றினார்கள். அவன் போலீசுக்குப் போகாதது என் மேல் உள்ள பாசத்தால் இல்லை. அவனே சொன்னான், "கேஸுன்னா ஒன்னை உள்ள வைப்பாங்க, அவ்வளவுதான். எனக்கு என்ன கெடைக்கும்? வாய்க்காக் கூட்டத்துல வச்சுப் பாக்குறேன்." அதுவரை என்னை 'நீங்க' என்றுதான் சொல்லிவந்தான்.

அவன் மனைவி ஆஸ்பத்திரி வாசலில் நின்றாள். என்னைக் கண்டதும் கீழே கிடந்த மண்ணை அள்ளி என் மேல் வாரி இறைத்து, "மூத்தாருன்னு மருவாதி குடுத்தேனே, அந்தக் கை வெளங்குமா?" என்றாள். அவள் கட்டியிருந்த சேலையின் முந்தானை முழுக்க அவன் ரத்தம்.

தஞ்சாவூர் டாக்டருக்கு மனைவி போன் போட்டுச் சொன்னாள். ஸ்பீக்கரில் வைத்திருந்தாள். "ரெண்டு போட்டா ரெண்டு பங்கு அடங்கும்னு யாரு சொன்னது? ரெண்டு பங்கு காயும், அவ்வளவுதான். அத நிறுத்தச் சொல்லுங்க. வேற வகை இருக்கு, வாயைக் காய வைக்காது, பிரஷரைப் பாத்துத்தான் குடுக்கணும். நேர்ல கூட்டிட்டு வாங்க." பிறகு, "யாருக்கும் உசுருக்கு ஒண்ணும் இல்லையே?" என்றார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் வாய்க்கால் கூட்டம். முறை வைக்கிற பெரியவர் நடுவில் உட்கார்ந்தார். அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்.

"கூப்புட்டானா?"

"கூப்புட்டான்," என்றேன்.

"நீ பதில் சொன்னியா?"

நான் வாயைத் திறப்பதற்கு முன்பே களைக்காரிகளில் ஒருத்தி எழுந்தாள். "சொன்னாருங்க. இருக்கேன் இருக்கேன்னு இவரு கத்துனதக் கேட்டுத்தான் நாங்க ஓடுனோம். மூணு தரம், நாலு தரம் கத்துனாரு."

மற்ற மூன்று பேரும் ஆமாம் என்றார்கள். பொய் இல்லை, அவர்கள் கேட்டதைத்தான் சொன்னார்கள். கூட்டம் அவன் பக்கம் திரும்பியது. பதில் கொடுத்த மடையில் கை வைப்பது எங்கள் ஊரில் திருட்டு. திருட்டென்று ஆனால் அவனுக்கு இந்தக் குறுவை முழுக்க முறை கிடையாது, அதுவும் எனக்கே வரும். என் பயிருக்கு அந்தத் தண்ணீர் போதும், தேவைக்கு மேலும். அவன் வெள்ளைக் கட்டுக்குள் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது போல இருந்தது, கேட்டேனா கேட்கவில்லையா என்று.

நான் சும்மா இருந்தால் போதும். சும்மா இருக்கத்தான் பார்த்தேன். அவன் பிடரியின் சூடு இன்னும் என் உள்ளங்கையில் இருந்தது.

"அது அடிச்சதுக்கு அப்பறம் சொன்னதுங்க," என்றேன். "அவன் கூப்புட்டப்ப சொல்லல."

"ஏன் சொல்லல?"

"வாய் வரல."

"வாய் வரலையா? குடிச்சிருந்தியா?"

மனைவி பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தாள். "குடிக்கலங்க. அவருக்கு ஒண்ணுக்கு அடங்காது. அதுக்கு மாத்திரை. ஒண்ணு போடுன்னா ரெண்டு போட்டுருக்காரு. நாக்கு காஞ்சு ஒட்டிக்கிச்சு."

கூட்டத்தில் சிரிப்பு வெடித்தது. வரப்பு உடைந்த மாதிரி, அடைக்க ஆள் இல்லாமல். ஒருவன், "அங்கிட்டு அடைச்சா இங்கிட்டும் அடைச்சுக்கிச்சு" என்றான். ஒருவன் தொடையில் அடித்துக்கொண்டான். பெரியவரே துண்டால் வாயை மூடிக்கொண்டார். மண்வெட்டியால் அடிபட்டவனுக்குக்கூட ஒரு தோள்தான் போயிற்று. நான் நின்றுகொண்டிருந்தேன். என்னவோ தெரியவில்லை, அந்தச் சிரிப்பு முழுக்க முடியும்வரை ஓடாமல் நின்றேன்.

தீர்ப்பு இரண்டே வரி. என் அடுத்த முறை அவனுக்கு. அவனால் மண்வெட்டி பிடிக்க முடியாது என்பதால், அந்தத் தண்ணீரை அவன் வயலுக்குப் பாய்ச்சிவிட வேண்டியவன் நான்.

ஆக ஆறாம் நாள் காலையில் என் முறைத் தண்ணீரை என் கையாலேயே அவன் வயலுக்குத் திருப்பினேன். அவன் வரப்பில் துண்டைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "அந்த மூலை வெட்டு," "இங்க மண்ணை இழு," என்று சொல்லிக்கொண்டிருந்தான். மாத்திரையை நிறுத்தியிருந்தேன், புதியது இன்னும் வாங்கவில்லை. உள்ளே இருப்பவன் பழைய பாக்கியெல்லாம் சேர்த்து உதைத்தான். நான் ஓடும்போதெல்லாம் வரப்பில் இருந்தவன் சத்தமாக எண்ணினான். "மூணு. நாலு. அண்ணே, அஞ்சு!"

என் வயலின் கீழ்த்தாக்கு, அதாவது கீழ்த்துண்டு, அவன் வயலின் பின்வரப்பை ஒட்டியிருக்கிறது. அவன் வயலைவிட ஒரு சாண் தாழ்வு. வரப்புக்கு அந்தப் பக்கம் கணுக்கால் தண்ணீர், இந்தப் பக்கம் விரல் நுழையும் வெடிப்பு. என் பயிரின் இலைகள் பகலிலேயே சுருண்டு ஊசிகளாக நின்றன. பத்து மணிக்கெல்லாம் அவன் வயல் நிரம்பிவிட்டது. இன்னும் இரண்டு மணி நேரம் தண்ணீர் இருந்தது. நான் மண்வெட்டியை ஊன்றி அவனைப் பார்த்தேன். கேட்கவில்லை. பார்த்தேன்.

அவனும் பார்த்தான். என் வயலைப் பார்த்தான், வெயிலைப் பார்த்தான்.

"வடிமடையைத் தொறந்துவிடு," என்றான்.

"என்னது?"

"காது கேக்கலையா? இன்னொரு மாத்திரை போட்டியா? வடிகாலுக்குத் தொறந்துவிடுன்னேன்."

திறந்தேன். என் தண்ணீர், அவன் வயல் வழியாக, வடிகாலில் விழுந்தது. அங்கே ஆகாயத்தாமரையும் செருப்பும் பிளாஸ்டிக் பையும் மிதந்தன. ஒரு மணி நேரம் அது விழுந்தது. மண்வெட்டியின் இரும்பு முனை என் கால் விரலுக்குப் பக்கத்தில் இருந்தது. அவன் கழுத்து ஆறு தப்படித் தூரத்தில் இருந்தது. இந்தத் தடவை மாத்திரை ஒன்றும் என் உடம்பில் இல்லை. ஆனாலும் கை அரித்தது. அன்று அடித்தது மாத்திரையின் வேலை மட்டுமே என்று அதுவரை எனக்கு நானே சொல்லிவந்தேன்.

பதினோரு மணிக்கு அவன் மனைவி தூக்குவாளியோடு வரப்பில் வந்தாள். வடிமடைச் சத்தம் கேட்டு நின்றாள்.

"இத எவன் தொறந்தது?"

"நான்தான் தொறக்கச் சொன்னேன்," என்றான் அவன்.

அவள் என் வயலைப் பார்த்தாள். தூக்குவாளியை வரப்பில் நங்கென்று வைத்தாள். "வயித்துல கதிரோட நிக்கிது. அந்தாளு ஒங்க தோளை ஒடச்சாரு. அந்தப் பயிரு ஒங்களோட எத ஒடச்சிச்சு?"

"நீ பேசாத. சோத்த வச்சுட்டுப் போ."

"போறேன்," என்றாள். சேலையைச் செருகிக்கொண்டு பின்வரப்பில் ஏறி, குதிகாலால் ஒரு உதை உதைத்தாள். ஈர மண் பிளந்தது. இன்னொரு உதை. விரல் அகலத்துக்குத் தண்ணீர் என் பக்கம் எட்டிப் பார்த்தது. அவன் எழுந்துகொண்டு கத்தினான். என்ன கத்தினான் என்பதை எழுத முடியாது. அவள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் என்னிடம் சீறினாள்.

"என்ன மலைச்சுப்போயி நிக்கிறீங்க? ஒங்க மூஞ்சிக்காக நான் ஒண்ணும் செய்யல. வெட்டுங்க!"

மண்வெட்டியைத் தூக்கினேன். அவன் ஒற்றைக் கையால் வரப்பிலிருந்து ஒரு மண்கட்டியைப் பெயர்த்து என்னை நோக்கி எறிந்தான். மார்பில் பட்டு உடைந்தது. குனிந்து வெட்டினேன். அடுத்த கட்டி முதுகில். அடுத்தது காதோரம், கல் இருந்திருக்க வேண்டும், சூடாக ஒழுகியது. அவள் வடிமடையை அடைக்கச் சேற்றை இரண்டு கைகளாலும் வாரிக்கொண்டிருந்தாள். அவன் எறிந்துகொண்டே இருந்தான். நான் நிமிரவில்லை. அவன் ஏழாவதையோ எட்டாவதையோ எறிந்தபோது, தண்ணீர் முதல் வெடிப்பை நிரப்பிவிட்டு இரண்டாவதுக்குள் தலைகுப்புற விழுந்துகொண்டிருந்தது.